சின்னத் தழும்பா, சரியான முறையா?

பிள்ளை பெற்ற பிறகு மார்பகம் தளர்ந்துவிட்டதா? பழியைத் தாய்ப்பால் மேல் போடாதீர்கள், தோழிகளே. கர்ப்பம், வயது, உடல் எடையின் ஏற்ற இறக்கம், புகைப்பழக்கம் ஆகியவையே காரணம்.

மார்பகத்தை உயர்த்தும் அறுவை சிகிச்சையில் முக்கியமாக மூன்று முறைகள். லேசான தளர்வுக்குக் காம்பின் கருவட்டத்தைச் சுற்றி மட்டும் வெட்டுவார்கள். நடுத்தரத் தளர்வுக்கு அங்கிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு கூடும். மார்பின் அடிமடிப்புக்கும் வெகு கீழே காம்பு இறங்கியிருந்தால், பெரும்பாலும் மடிப்பு நெடுகவும் வெட்ட வேண்டும். நங்கூரம் போல் தழும்பு விழும்.

தழும்பு குறைவு என்று முதல் முறையையே கேட்கத் தோன்றும். தளர்வு அதிகமாக இருந்தால் அது பொருந்தாது. மார்பகம் தட்டையாகலாம், கருவட்டம் விரியலாம், மறுபடியும் கத்தி வைக்க நேரலாம். அடுத்த பிள்ளைக்கு ஆசையா? அதுவரை பொறுங்கள்.

2020 அக்டோபரில் சேராஸ் அழகு நிலையம் ஒன்றில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்குப் போன 23 வயதுப் பெண் உயிரோடு வீடு திரும்பவில்லை. எனவே பிரிக்பீல்ட்ஸோ கிள்ளானோ, விலையைக் கேட்குமுன் தேசிய நிபுணர் பதிவேட்டில் மருத்துவரின் பெயரைத் தேடுங்கள். பிறகு, "எனக்கு ஏன் இந்த முறை?" என்று அவரிடமே கேளுங்கள்.