மாடி ரயில் மோகம்

அலுவலக நண்பர் ஒருவரின் மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சான் ஹொசே வரை போகும் கால்ட்ரெயின், 2024 செப்டம்பரில் மின்சார மாடி வண்டிகளுக்கு மாறியது. தயாரிப்பு சுவிட்சர்லாந்தின் ஸ்டாட்லர் கம்பெனி. அந்த வீடியோவைக் காட்டி நண்பர், "இதை நம்ம எம்எம்டிஎஸ்ல விட்டா செகந்திராபாத் கூட்டம் ஒரே நாள்ல தீர்ந்துடும் சார்" என்கிறார்.

தீராது. ஏன் என்று எனக்குத் தெரிந்த வங்கி பாஷையிலேயே சொல்கிறேன்.

மாத முதல் வாரம், கிளையில் பென்ஷன் கூட்டம். மேனேஜர் நூறு நாற்காலி வாங்கிப் போட்டால் வரிசை நகருமா? இன்னொரு கவுண்டரைத் திறந்தால்தான் நகரும். ரயிலுக்குக் கவுண்டர் என்பது கதவு. கபுர்தலாவில் செய்த நம்மூர் ஏசி மாடிப் பெட்டியில் 120 இருக்கை. சாதாரண எல்எச்பி சேர் காரில் 78. கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கதவு பெட்டியின் இரண்டு முனையிலும்தான். காலை ஒன்பது மணிக்கு பேகம்பேட்டில் மாடியிலிருந்து படி இறங்கி, ஏறுகிறவர்களை இடித்துக்கொண்டு இறங்குவதற்குள்.... பின்னால் வரும் வண்டி சிக்னலில் காத்து நிற்கும்.

அனுபவப்பட்டவர்களைக் கேளுங்கள். சிட்னியில் புறநகர் வண்டி எல்லாமே மாடி வண்டி. அதே ஊர் 2019-ல் புது மெட்ரோ திறந்தபோது மாடியை விட்டுவிட்டு, பக்கத்துக்கு மூன்று கதவு வைத்த ஒற்றைத் தள வண்டியை எடுத்தது. பாரிஸின் ஆர்இஆர் ஏ பாதையில் மாடி வண்டி ஓடுகிறதே என்பீர்கள். ஓடுகிறது, பெட்டிக்குப் பக்கத்துக்கு மூன்று அகலக் கதவு வைத்த பிறகு. இன்னொன்று, நம் புறநகர்ப் பெட்டியின் அகலம் 3.66 மீட்டர். ஐரோப்பிய மாடி வண்டி சுமார் 2.8 மீட்டர். அவர்கள் மேலே தேடும் இடம் நமக்குப் பக்கவாட்டிலேயே இருக்கிறது!

மாடி வண்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரான்ஸ் 1996-ல் டிஜிவி டூப்ளெக்ஸ் விட்டதற்குக் காரணம், பாரிஸ் - லியோன் பாதையில் மேலும் வண்டி நுழைக்க இடம் இல்லை. நிற்கும் ஊர்களும் குறைவு. அங்கே மாடி சரி.

நம் ஊர்க் கதை என்ன? 2014-ல் காச்சிகுடாவிலிருந்து திருப்பதிக்கும் குண்டூருக்கும் மாடி வண்டி விட்டார்கள். வாரத்தில் இரண்டே நாள். திருப்பதிக்குப் பகல் முழுக்க உட்கார்ந்தே போகவேண்டும். ஆள் ஏறவில்லை, சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் 2023 ஏப்ரலில் செகந்திராபாத் - திருப்பதி வந்தே பாரத் வந்தது. அதுவும் உட்கார்ந்தே போகும் பகல் வண்டிதான். எட்டரை மணி நேரம், வாரத்தில் ஆறு நாள். எட்டுப் பெட்டி அடுத்த மாதமே பதினாறு ஆனது. ஜனங்கள் பார்த்தது மாடியையா, நேரத்தையா?

எம்எம்டிஎஸ்ஸின் நோயும் இதேதான். 2003-ல் தொடங்கியது. இன்றும் பெரும்பகுதி எக்ஸ்பிரஸ், கூட்ஸ் வண்டிகளோடு ஒரே தண்டவாளத்தைப் பங்கு போடுகிறது. இரண்டாம் கட்டத்துக்கு மாநிலம் இரண்டு பங்கு, ரயில்வே ஒரு பங்கு என்று பேசி 2012 வாக்கில் ஆரம்பித்தது, பணத் தகராறில் இழுத்து, 2023, 2024-ல்தான் துண்டு துண்டாகத் திறந்தது. சென்னையில் பீச் - தாம்பரம் லைனில் வளர்ந்தவர்கள் யாரும் டைம்டேபிள் பார்ப்பதில்லை. இது போனால் அடுத்தது வரும் என்று தெரியும். அந்த நம்பிக்கை இங்கே இல்லாததால்தான் ஷேர் ஆட்டோவில் ஒரு கால் வெளியே தொங்கப் போகிறார்கள்.

கால்ட்ரெயினிலும் மாடி புதிதில்லை, பழைய டீசல் வண்டியிலேயே இருந்தது. புதிதாக வந்தது மின்சாரமும், வார இறுதியிலும் அரை மணிக்கொரு வண்டியும். வீடியோவில் மாடிதான் தெரியும், டைம்டேபிள் தெரியாது.

தனித் தண்டவாளம், பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி, அகலக் கதவு. இதற்குப் பணம் ஒதுக்கச் சொல்லிக் கேட்போம். மாடி அப்புறம் கட்டிக்கொள்ளலாம். என்ன சொல்றீங்க?