ஐம்பதில் வளையாதா?

தமிழ்ப் பள்ளிகளின் ஆசிரியர் அறைகளில் மிக எளிதாக எடுத்தாளப்படும் பழமொழி ஒன்றுண்டெனில், அஃது 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பதேயாகும். சிறுவனின் நடத்தையை நோக்கிச் சொல்லப்பட்ட அம்மொழி, காலப்போக்கில் வளர்ந்தோரின் கல்வி வேட்கைக்குப் போடும் பூட்டாக மாறிவிட்டது. முப்பது வயதைக் கடந்த ஒருவர் மருத்துவம் பயில விரும்புவதாகச் சொல்லட்டும், "இந்த வயதிலா?" என்னும் வினா மறுகணமே எழும். வினவுவோர் பகைவர் அல்லர். பெற்றோர், உற்றார், சில வேளைகளில் அவருக்கு அரிச்சுவடி கற்பித்த ஆசிரியரே வினவுகிறார். கல்விக்கு எல்லை கூறப் புகுந்த வள்ளுவர் இறப்பையே எல்லையாகக் காட்டினார் என்று வகுப்பறையில் விளக்கம் உரைத்துவிட்டு, வாசலுக்கு வந்ததும் இவ்வாறு கேட்பது எந்த வகையில் முறையாகும்?

பிந்தி வருபவர் யார் என்பதைக் கேளாமல் வயதைப் பற்றிப் பேசுவதிற் பொருளில்லை. கமுந்திங்கை எடுத்துக்கொள்க. லாருட் ஈயவயல்களுள் ஒன்றாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெயர்பெற்ற ஊர் அது. சுற்றுவட்டாரத்து இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் இடம்விட்டபோது, லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல தொழிற்பேட்டைகளை நாடின. அத்தகைய குடும்பத்து மூத்த மகனின் கதை எல்லாரும் அறிந்ததே. ஐந்தாம் படிவத்தில் நல்ல தேர்ச்சி பெறுகிறான். அறிவியற் பாடங்களில் ஆசிரியர் மெச்சும் மாணவன். ஆயினும், தந்தையின் நோயும் தம்பி தங்கையரின் பள்ளிச் செலவும் அவனைத் தொழிற்சாலையின் இரவு வேலைக்கு அனுப்புகின்றன. தங்கையின் திருமணம் முடிந்து, தம்பி வேலைக்குச் சேர்ந்து, வீட்டுக் கடன் அடைந்து அவன் நிமிர்ந்து பார்க்கும்போது வயது 32. இவனையா 'காலத்தில் படிக்கத் தவறியவன்' என்று ஏசுவது?

தமிழ்ப் பள்ளியினின்று வெளிவரும் மாணவருட் பலர்க்குத் தாமதம் தொடக்கத்திலேயே விதிக்கப்பட்டுவிடுகிறது. மலாய்மொழியில் உரிய அடைவு பெறாதவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு தங்கியே முதற்படிவம் செல்லவேண்டும். அதன்பின் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். எனப் படியேறுபவன், இடையில் ஒருநாளும் ஓயாது படித்தாலும், மருத்துவக் கல்லூரியின் வாயிலை அடையும்போது 20 வயதைக் கடந்திருப்பான். தாமதத்தை அவன் விரும்பித் தேர்ந்தானல்லன். வசதி படைத்தவன் உரிய வயதில் வருகிறான். வறியவன் பிந்தி வருகிறான். ஆதலின், வயதைக் கொண்டு கதவடைப்பது வறுமையைக் கொண்டு கதவடைப்பதன் மறுபெயரே.

மலேசியாவில் பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில் கேட்கப்படும் இவ்வினா, இந்தியாவில் விதியாகவே எழுதப்பட்டது. மருத்துவ நுழைவுக்குப் பொதுப்பிரிவினர்க்கு 25 வயது, இடஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு 30 வயது என உச்சவரம்பு 2018இல் விதிக்கப்பட்டது. வழக்குகள் எழுந்தன. ஈற்றில் 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் அவ்வரம்பை நீக்கியது. சட்டம் வளைந்துகொடுத்தது, மக்கள் மனம் அத்துணை விரைவில் வளையவில்லை.

அதற்குச் சான்று அதே 2022ஆம் ஆண்டின் ஜனவரியில் நிகழ்ந்தது. தருமபுரி மாவட்டத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 61 வயதில் நீட் தேர்வில் தேறி, அரசுப் பள்ளியில் பயின்றோர்க்குரிய 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டின்கீழ்க் கலந்தாய்வுக்கு அழைக்கப்பட்டார். மருத்துவப் பயிற்சியில் இருந்த அவர்தம் மகன் எடுத்துரைக்க, இளைஞர் ஒருவர்க்கு வழிவிட்டு அவர் விலகினார். இளையவர் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் பணியாற்றக்கூடும். தாமோ பத்து, பதினைந்து ஆண்டுகளே என்பது அங்குச் சொல்லப்பட்ட கணக்கு. தமக்குரியதைத் தாமே விட்டுக்கொடுக்கும் உரிமை அப்பெரியவர்க்குண்டு, அச்செயல் மதிக்கத்தக்கது. வருந்தத்தக்கது, அதனைத் தொடர்ந்த கைதட்டலே. ஒருவரின் ஈகையைப் பாராட்டும் ஊர், அடுத்து வருபவரிடம் அதனைக் கடனாகக் கேட்கத் தொடங்கிவிடும். 61க்குச் சொன்ன கணக்கை 41க்கும் 31க்கும் சொல்வர். தென்காசி மாவட்டத்தில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றிய 49 வயதுப் பெண்மணி ஒருவர் 2025இல், தம் மகள் எழுதிய அதே நுழைவுத்தேர்வைத் தாமும் எழுதி, மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம்பெற்றார். அவரும் விலகியிருக்க வேண்டுமென எவர் சொல்லத் துணிவார்?

பணியாண்டுக் கணக்கையே சற்று நெருங்கிப் பார்க்கலாம். 35 வயதில் சேர்பவர், ஐந்தாண்டுப் படிப்பும் ஈராண்டுப் பயிற்சிப் பணியும் முடிக்கும்போது 42 வயதினர். மலேசிய அரசுப்பணியின் கட்டாய ஓய்வு வயது 60 ஆதலின், 18 ஆண்டுகள் எஞ்சுகின்றன. தனியார் மருந்தகம் நடத்துவோர்க்கு அவ்வரம்பும் இல்லை. இளமையிற் பட்டம் பெற்று, சில ஆண்டுகளில் அயல்நாடு ஏகிவிடுவோரும் உளர். அவர்தம் இடத்தை வீணான இடமென எவரும் பழிப்பதில்லை!

வரலாறும் இக்கணக்கைப் பொய்யாக்கியே வந்துள்ளது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி முதன்முதலாக நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது, அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் 30 வயதினர். மூன்று மக்களின் தாய். ஆடவ மருத்துவரை அணுகவியலாத பெண்கள் பேற்றுநோவில் மடிவதைக் கண்டு படிக்க வந்தவர் அவர். சென்னையில் 1885இல் அவர் முயற்சியால் எழுந்ததே, திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று மக்கள் இன்றும் வழங்கும் மருத்துவமனை. ஆல்பர்ட் சுவைட்சர் இறையியலும் இசையும் கற்றுப் புகழ் பெற்றபின், 1905இல், 30 வயதில் மருத்துவ மாணவரானார். 1913இல் ஆப்பிரிக்காவின் லம்பரேனேயில் தொடங்கிய அவரது மருத்துவப்பணி, இடையிடையே தடைப்பட்டாலும், 1965இல் அவர் மறையும்வரை நீண்டது. பிந்தித் தொடங்கியவரின் பணி அரை நூற்றாண்டைக் கடந்தது.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. தோட்டத்து டிரெஸ்ஸரை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பாம்புக்கடிக்கும் லயத்து மக்கள் முதலிற் கண்ட முகம் அவருடையதே. அவர் போன்றோரைப் பதிவுசெய்யவே 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. அவருள் எத்துணைப் பேர் மருத்துவராகத் தகுதி படைத்திருந்தனர்! காயங்கட்டியே கைகள் முதிர்ந்தன, கற்க வழியில்லை. இன்று அவ்விடத்தில் நிற்பவர் உதவி மருத்துவ அதிகாரி. பத்தாண்டுகள் அவசரப் பிரிவில் இரவு பகலாக நின்றவர், நோயாளியின் மூச்சைக் கேட்டே நிலையறியக் கூடியவர், மருத்துவப் படிப்பை விரும்பினால் அவரினும் பொருத்தமான மாணவர் யார்?

மறுதரப்பில் உண்மை உண்டு. அதனை மறைத்தல் தகாது. செலவு பெரிது. குடும்பச்சுமையோடு இரவு விழித்தல் எளிதன்று. 2016 இறுதி முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்தப் பணியிலேயே அமர்த்தப்பட்டனர். 2021 ஜூலையில் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதை நாடே கண்டது. ஆசை மிகுந்து காலம் குறைந்தவரைக் கல்வி முகவர் எளிதில் வளைத்துவிடுவர். மலேசிய மருத்துவ மன்றம் ஏற்காத கல்லூரியிற் சேர்ந்து வீடு நிலத்தை இழப்பதைவிடத் தொழிற்சாலையிலேயே இருத்தல் நன்று. இவற்றையெல்லாம் ஆசிரியர் எடுத்துரைக்க வேண்டும். எந்தக் கல்லூரி, என்ன தகுதி, எவ்வளவு கடன், எத்தனை ஆண்டில் அடையும் என்று உடனமர்ந்து கணக்கிட்டுக் காட்டவேண்டும். கணக்குப் பார்த்தபின் ஒருவர் வேண்டாமென முடிவெடுத்தால் அது அவர் முடிவு. பழமொழி ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுதல் சோம்பல்.

தமிழர் சங்கங்களும் கூட்டுறவு அமைப்புகளும் ஆண்டுதோறும் கல்விநிதி வழங்குகின்றன. பல விண்ணப்பப் படிவங்களில் 'உறுப்பினரின் பிள்ளைகளுக்கு' என்றே அச்சிட்டிருக்கும். சந்தா கட்டும் உறுப்பினரே படிக்க விரும்பலாம் என்பது அப்படிவத்தை வரைந்தவர்க்குத் தோன்றவேயில்லை. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் 'உறுப்பினர்க்கும்' என்ற ஒரு சொல்லைச் சேர்க்கத் தீர்மானம் கொண்டுவரலாம். சங்கங்களின் செயலாளர் பதவிகளில் தமிழாசிரியர்கள் பலர் அமர்ந்திருப்பதால், அதனை முன்மொழிய வெளியாளைத் தேட வேண்டியதில்லை.