படமும் உடைமையே

பிறர் கிடங்கிலிருந்து ஒரு தோலை விலை கொடாமல் எடுப்பவனை ஆம்பூரில் திருடன் என்பார்கள். பாலாற்றில் கழிவுநீர் பாய்வதைத் துர்நாற்றத்தினிடையே நின்று ஒருவர் பிடித்த படத்தையோ, பெயரை அழித்துக் கைபேசியில் பரப்பி, தேச சேவை என்கிறோம்!

1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் பிடித்தவரே பொதுவாக முதல் உரிமையாளர்; பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. வேறு ஒப்பந்தமில்லாவிடில், கூலி கொடுத்து எடுப்பித்த படம் மாத்திரம் எடுப்பித்தவருடையது. நடப்புச் செய்தி அறிவிக்க நியாயமான உபயோகம் அனுமதிக்கப்படுகிறது. ஆயினும் ஆசிரியன் தன் பெயரைக் கோரும் உரிமை அழிவதில்லை.

இதில் நமது சுயநலமும் அடங்கியிருக்கிறது. வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில், நீரைக் கெடுத்தவரே நஷ்டஈடு தரவேண்டுமென 1996இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நாளை மற்றொரு வழக்கு வருமாயின், யார், என்று, எங்கே எடுத்ததெனத் தெரியாத படத்தை நிரூபிப்பது எங்ஙனம்? பெயரை அழிப்பவர் சாட்சியையே அழிக்கிறார். அன்பர்கள் அனுமதி கேட்டு, பெயருடன் வெளியிடுவார்களாக.