10.75 கோடிக்கு ஏலம்... ஆனா இந்திய அணியில் 7 மேட்ச்தான்! நடராஜனுக்கு நடந்தது என்ன?

2025 ஐ.பி.எல். சீசனுக்கான ஏலத்தில் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை டெல்லி அணி 10.75 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஆனால், அதற்கு முன் அவர் இந்தியாவுக்காகக் கடைசியாக ஆடியது 2021 மார்ச்சில். ஏன் இந்த முரண்?

ஜெட் வேக அறிமுகம்

2020 இறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சி பவுலராகத்தான் போனார். மற்றவர்களுக்குக் காயம் ஏற்பட, கதவு திறந்தது. டிசம்பர் 2 ஒருநாள், டிசம்பர் 4 டி20, ஜனவரி 15 பிரிஸ்பேன் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் இவர்தான்.

கடைசி ஓவர்

2021 மார்ச் 28, புனே. இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் தேவை 14 ரன். களத்தில் சாம் கரன். பந்தை வாங்கிய நடராஜன் விட்டுக்கொடுக்கவில்லை. இந்தியா 7 ரன்னில் வென்றது. அடுத்த மாதமே முழங்கால் அறுவை சிகிச்சை!

இடம் போனது எப்படி?

வேகப்பந்து வீசும்போது உடல் எடை மொத்தமும் காலில்தான் இறங்கும். முழங்கால் தேறி வருவதற்குள், 2022-ல் இன்னொரு இடக்கை பவுலர் அர்ஷ்தீப் சிங் உள்ளே வந்துவிட்டார்.

அப்போ 10.75 கோடி எதுக்கு?

ஐ.பி.எல்லில் ஒருவருக்கு 4 ஓவர்தான். கடைசி ஓவர்களில் யார்க்கர் இறக்கத் தெரிந்தால் போதும். 2024-ல் ஐதராபாத்துக்காக 19 விக்கெட் எடுத்தார். ஒருநாள் போட்டிக்கு 10 ஓவர், டெஸ்ட்டுக்கு நாள் முழுக்க உடம்பு தாங்கணும். ஏலம் திறமைக்கு விலை வைக்கும். தேர்வுக்குழு உடல்தகுதியையும் சேர்த்தே பார்க்கும்.

2023-ல் சொந்த ஊரிலேயே கிரிக்கெட் மைதானம் திறந்தார் நடராஜன். அங்கே பந்தைப் பிடிக்கும் பசங்க யார்க்கரோடு சேர்த்து, உடம்பைக் காப்பாற்றவும் கத்துக்கணும்.