மலை மீது பழி போடுபவர்களுக்கு...

எங்கே மண் சரிந்தாலும் மறுநாள் பத்திரிகைகளில் ஒரே தலைப்புதான்: 'இயற்கையின் சீற்றம்'. எவ்வளவு வசதியான வார்த்தை பாருங்கள்! இயற்கை மீது கேஸ் போட முடியாது, நஷ்ட ஈடு கேட்க முடியாது.

கடற்கரையில் மணல் வீடு கட்டிய எல்லோருக்கும் விஷயம் தெரியும். காய்ந்த மணல் நிற்காது. கொஞ்சம் ஈரமான மணல் ஜோராக நிற்கும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் அவ்வளவுதான். மலைச்சரிவிலும் இதே கதைதான். லேசான ஈரத்தில், மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றை இழுத்துப் பிடித்து வைக்கிறது. இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிரம்பினால் அந்தப் பிடி போச்சு. அதோடு விட்டாலும் பரவாயில்லை. வடிய வழியில்லாத தண்ணீர் துகள்களைத் தள்ளி விலக்கப் பார்க்கிறது. ஒன்றோடொன்று அழுந்துவது குறையக் குறைய உராய்வும் குறைகிறது. எடை மட்டும் ஏறுகிறது. (வரவு குறைந்து செலவு ஏறும் கடை என்ன ஆகும்? அதேதான்!) கார்ல் டெர்சாகி 1920களிலேயே இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஆக, யாருக்கும் தெரியாத ரகசியம் எதுவும் இதில் இல்லை.

இலங்கையின் பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தை தோட்டம். 2014 அக்டோபர் 29 காலையில் அங்கே லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. புதைந்தவர்கள் தேயிலைத் தோட்டத்து மலையகத் தமிழர்கள். அந்த இடம் ஆபத்தானது என்று அந்நாட்டின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது.

"சொன்னோமே, அவர்கள்தான் போகவில்லை" என்று உடனே ஒரு பதில் வந்தது. எங்கே போவார்கள் சாமி? தலைமுறை தலைமுறையாக உழைத்தும் சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடையாது. இருக்கிற லயனும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை அங்கே, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கே. மாற்று இடம் காட்டாமல் 'காலி செய்' என்று சொல்வதற்குப் பெயர் எச்சரிக்கையா? நாளைக்குக் காட்டுவதற்கு ஒரு காகிதம், அவ்வளவுதான்.

மழையை யார் நிறுத்த முடியும் என்பார்கள். யாராலும் முடியாதுதான். ஆனால் மேட்டிலேயே வடிகால் வெட்டித் தண்ணீரைத் திருப்பலாம். சரிவின் அடிவாரத்தை வெட்டாமல் இருக்கலாம். தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டை விடலாம். பெரிய சரிவுக்கு இதெல்லாம் போதாது, வாஸ்தவம். அங்கே ஆட்களை இடம் மாற்றுவது ஒன்றுதான் வழி.

அதையும் செய்தார்கள். 2016ல், பிழைத்தவர்களுக்கு வேறு இடத்தில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். அப்படியானால் நிலம் இருந்திருக்கிறது! 2005ல் அது யார் கண்ணுக்கும் படவில்லையா?