"மீன் கத்தும் சார்!"

நண்பர்களே, ஒரு தவற்றை ஒப்புக்கொள்கிறேன்.

"மீனுக்குக் குரல் கிடையாது" என்று ஐந்தாம் வகுப்பில் நடத்தினேன். குப்பத்துப் பையன் ஒருவன் எழுந்து, "கத்தாழை கத்தும் சார், அப்பா துடுப்புல காது வச்சுக் கேப்பாரு" என்றான். வகுப்பே சிரித்தது, நானும்தான்.

அவன் சொன்னதே சரி. கத்தாழை தன் காற்றுப்பையைத் தசைகளால் அதிரவைத்து ஒலி எழுப்புகிறது, பெரும்பாலும் இணையைக் கூப்பிட. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர், நீரில் சுமார் 1500 மீட்டர் செல்லும். இதையும் நானே நடத்தியவன், சேர்த்து யோசிக்கவில்லை!

இன்று கப்பல் இரைச்சல் அந்த அழைப்பை அமுக்குகிறது. கடல் பாடம் நடத்தும் நாளில் ஒரு மீனவரை வகுப்புக்கு அழையுங்கள். புத்தகத்தில் இல்லை என்று தட்டிக்கழிக்காதீர்கள்.

தம்பி, இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுதப்பா.