காலடிப் பாறையும் ஒரு பாடமே

தெலங்கானா பள்ளிக் கல்வி இயக்குநர் அவர்கள் சமுகத்துக்கு,

2024 டிசம்பர் 4ஆம் தேதி காலை முலுகு மாவட்டத்தில் உண்டான 5.3 அளவுப் பூகம்பம் ஹைதராபாத் வரையில் உணரப்பட்டபொழுது, சிகந்தராபாத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள் உரசிக் கிணுகிணுத்ததைக் கேட்டு, பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என் பேத்தி, "பூகம்பம் இமயமலையில்தானே தாத்தா வரும்?" என்று வினவினாள்.

குழந்தைமீது குற்றமில்லை, நிலத்தட்டுகள் மோதும் விளிம்பை மட்டுமே நாம் வரைந்து காட்டுகிறோம். அந்த மோதலின் அழுத்தம் தக்காணத்தின் உட்பகுதிக்கும் பரவி, கோதாவரிப் பள்ளத்தாக்கின் புராதனப் பிளவுகளிலும் தங்குகிறது என்பதையோ, 1969இல் பத்ராசலம் குலுங்கியதையோ யார் சொல்கிறோம்? 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில், பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து அசந்து உறங்கிய கில்லாரிக் கிராமச் சுற்றுவட்டாரத்து மக்கள்மீது கல்லும் மண்ணுமாய்க் கட்டிய கனத்த சுவர்கள் சாய்ந்து, ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டதும், பூகம்ப பயமற்றதென்று நம்பப்பட்ட தக்காணத்தில்தான்.

நான் உபாத்தியாயனாயிருந்த காலத்தில், மேஜைமீது உப்புத்தாளை ஒட்டி, அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்து, அதில் கட்டிய ரப்பர் கயிற்றை மெல்ல மெல்ல இழுக்கச் சொல்வேன். கயிறுதான் நீளும்; கல் அசையாது. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் அது திடீரென ஒரு சாண் தாவும். அடுத்த தாவல் எப்பொழுது என்று பந்தயம் கட்டுவார்கள்; ஒருவரும் ஜெயித்ததில்லை. பூகம்பத்தை முன்கூட்டி நாள் குறித்துச் சொல்ல ஏன் இயலவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான வியாக்கியானம் எனக்குத் தெரியாது. 1906 சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்தில் வேலிகள் துண்டாகி விலகி நின்றதைக் கொண்டு ரீட் என்ற அறிஞர் கண்ட, வளைந்த பாறை திடீரென விலகி மீளும் என்ற தத்துவமும் இந்தச் செங்கல்லுக்குள் அடங்கும்.

ஆதலின், பாடத்திட்டத்தில் ஒரு நாளை ஒதுக்கித் தர வேண்டுகிறேன்: காலையில் செங்கல், பிற்பகலில், அனுமதி கிடைத்தால், உப்பல் சாலைத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம்; இடையில் ஒரு பாறை. எங்கள் தெருக்கோடிக் கருங்கல் பாறையில் வெண்படிகக் கோடொன்று ஓடிவந்து, ஒரு விரிசலில் அறுபட்டு, நாலு விரற்கடை தள்ளி மறுபடி தொடங்குகிறது. வெறும் விரிசலுக்கும் பிளவுப்பெயர்ச்சிக்கும் உள்ள பேதத்தை விரலால் தடவியே அறியலாம். அந்த மனை விலையாகிவிட்டதாம், வெடி வைப்பதற்குள் ஆசிரியர்களை அனுப்பிவையுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓர் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியன்